ஜீப்புக்கு முன்னால் போன பஸ்

"பஸ்ஸா, ஜீப்பா?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். பஸ் என்றேன். ஜீப் வந்தது.

யோசனை கேட்பது என்பது பெரும்பாலும் இப்படித்தானே? முடிவை முன்பே எடுத்துவிடுவார்கள். அது இன்னொருவர் வாயிலிருந்தும் வந்தால் கொஞ்சம் தெம்பு... அவ்வளவுதான்.

போன அமாவாசையன்று நடந்தது இது. கல்கத்தாவுக்குத் தெற்கே, கங்கை கடலில் போய்ச் சேருகிற இடத்தில், சாகர் என்று ஒரு தீவு இருக்கிறது. தை பிறக்கிற சமயத்தில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் கபில முனி கோயில், கடல், காற்று, நாலைந்து டீக்கடை. தீவின் வடக்கு முனையில் லாஞ்ச், அதாவது மோட்டார் படகு, கொண்டுபோய் இறக்கிவிடும். கோயிலும் கடலும் தெற்கு முனையில். நடுவில் செங்கல் பாவிய ஒற்றை ரோடு. அதில் போவதற்கு இரண்டு வழி. ஆடு, வெற்றிலைக் கட்டு, கருவாட்டுக் கூடை எல்லாவற்றோடும் போகிற பஸ் ஒன்று. படித்துறையில் வாடகைக்கு நிற்கிற ஜீப் இன்னொன்று.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன். எந்த ஊரையும் அந்த ஊர் பஸ்ஸில் ஏறித்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். இந்தத் தீவில் ஒரு மழைக்காலம் முழுக்க வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு இருந்திருக்கிறேன். ஜுரம் வந்து படித்துறைக் கொட்டகையில் கிடந்திருக்கிறேன். அதனால் கல்கத்தாவில், பவானிபூரில் நான் தங்கியிருக்கும் மெஸ்ஸில் எனக்கு 'வழி தெரிந்தவன்' என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் வைத்தியநாதன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

வைத்தியநாதன் பேங்க் ஆபீசர். வீடு தெற்குக் கல்கத்தாவில், டாக்குரியாவில். மனைவி தவறி ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளை சேகரும் மருமகள் ஜயாவும் அவரோடு இருக்கிறார்கள். அப்பா கடற்கரையில் அமாவாசைத் தர்ப்பணம் செய்ய வேண்டும். பிள்ளையும் மருமகளும் தம்பதியாகச் சமுத்திர ஸ்நானம் செய்ய வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். ஜயாவுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை.

கடல் காற்று ஆகாது என்று குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை எல்லாரும் பௌதி என்பார்கள். வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி. அவளுக்கும் ஒரு பெண்குழந்தை, தவழ்கிற வயசு. குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜயாவின் பையன் இருக்கிறானே... புட்டியை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்புவான். பாலாடையில் கொடுத்தால் துப்புவான். அம்மாவைத் தவிர வேறு எதுவும் ஆகாது.

"பசி வந்தா தானா குடிப்பான்" என்று வைத்தியநாதன் சொல்லிவிட்டார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "பௌதி, நாங்க காய்ச்சி வெச்சிருக்கிற பாலை மட்டும் கொடுங்கோ. உங்காத்து அடுப்பில வெச்ச எதுவும் வேண்டாம்." அந்த அடுப்பில் தினமும் மீன். பௌதிக்குத் தமிழ் தெரியாது. ஜயா அதை வங்காளியில் எப்படி மாற்றிச் சொன்னாளோ, பௌதி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஜயா பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தமிழைவிட வங்காளி சுலபம்.

விடியும்போதே வாடகை அம்பாசடரில் கிளம்பி, டயமண்ட் ஹார்பர் தாண்டி, முரிகங்கா ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். கார் இக்கரையிலேயே காத்திருக்கும் என்று ஏற்பாடு. ஆற்றில் தண்ணீர் படித்துறையின் மேல்படி வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. லாஞ்ச்சுக்குள் கால் நனையாமல் ஏறினோம். அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு மத்தியானத்தைப் பற்றி எப்படித் தோன்றும்?

அக்கரையில்தான் அந்தக் கேள்வி வந்தது. பஸ்ஸா, ஜீப்பா? நான் பஸ் என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்தியநாதன் ஜீப்பில் முன் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ஸுக்காக நாம காத்திருக்கணும் ஓய். ஜீப் நமக்காகக் காத்திருக்கும். அதுதான் வித்தியாசம்."

சரியாகத்தான் சொன்னார். அது எவ்வளவு சரி என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஜீப்பை நான் குறை சொல்ல மாட்டேன். சுகமாகத்தான் போயிற்று. சேகர்கூட, "என்னண்ணா, உங்க பஸ்ல போயிருந்தா இந்நேரம் ஒரு ஆட்டுக்குட்டி உங்க மடியில உக்காந்திருக்கும்" என்று கேலி செய்தான். தர்ப்பணம் ஆயிற்று. ஸ்நானம் ஆயிற்று. கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதமும் ஆயிற்று. வைத்தியநாதன் நிதானமாக ஜபத்தில் உட்கார்ந்தார். ஜீப்தான் நிற்கிறதே!

ஜயா மட்டும் கடலைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரப் புடவையை மாற்றியும் மார்போடு இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. பால் கட்டிக்கொண்டுவிட்டது. இங்கே இவளுக்கு வலிக்கிற நேரம்தான் அங்கே அவனுக்குப் பசிக்கிற நேரம்.

மத்தியானம் ஆயிற்று. கோயில் பக்கத்திலிருந்து பஸ் ஹாரன் அடிக்கத் தொடங்கியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்: "பாட்டா! பாட்டா! இதை விட்டா நாளைக்குத்தான் லாஞ்ச்!"

பாட்டா என்றால் கடல் வற்றுகிற நேரம். அமாவாசையன்று தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இறங்கவும் செய்யும். முரிகங்கா பாதிக்குமேல் சேறாகிவிடும். லாஞ்ச் போகாது. திரும்பவும் தண்ணீர் வருவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் அந்த ஆற்றில் யாரும் லாஞ்ச் விடுவதில்லை.

"சார், கிளம்பிடலாம்" என்றேன்.

வைத்தியநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன கிழமை ஓய்?"

"புதன்."

"புதன்கிழமை பன்னெண்டிலேர்ந்து ஒன்றரை ராகுகாலம். தர்ப்பணம் பண்ணிட்டு ராகுகாலத்துல காலை எடுத்து வெக்கறதாவது! ஒன்றரை ஆகட்டும். ஜீப்ல பறந்துடலாம்."

"லாஞ்ச் போயிடும் சார்."

"இது போனா இன்னொண்ணு."

எனக்குத் தெரிந்த ஒரே குறுக்கு வழியைச் சொல்லிப் பார்த்தேன். ராகுகாலத்துக்கு முன்பே ஒரு பையையாவது வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். "பையெல்லாம் எப்பவோ ஜீப்புல வெச்சாச்சு சார். அப்பவே கிளம்பின மாதிரிதானே?"

"அது ஆத்துல. வாசப்படி தாண்டி வெச்சாத்தான் பரஸ்தானம். சமுத்திரக் கரைக்கு வாசப்படி எங்கே ஓய் இருக்கு?"

ஜீப் டிரைவரைப் பார்த்தேன். ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "தண்ணி எப்ப வத்தும்னு நீங்களாவது இவர்கிட்ட சொல்லுங்களேன்" என்று வங்காளியில் கேட்டேன். "பாபு எப்படிச் சொல்றாரோ அப்படி" என்றார். அவர் மேல் என்ன தப்பு? வாடகைக்கு வந்தவர். போ என்றால் போவார், நில் என்றால் நிற்பார்.

பஸ் அப்படியில்லை. நாம் சொல்வதை அது கேட்காது. தண்ணீர் சொல்வதைத்தான் கேட்கும்.

ஜயா என் பக்கத்தில் வந்தாள். "அண்ணா, இந்த பஸ்ல போனா லாஞ்ச் கெடைச்சுடுமா?"

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "கெடைக்கணும். வழியில என்ன ஆகும்னு சொல்றதுக்கில்லைம்மா. பழைய வண்டி."

அவள் நேராக மாமனாரிடம் போனாள். "அப்பா, நான் பஸ்ல முன்னாடி போறேன். அண்ணா துணைக்கு வரட்டும்."

"ராகுகாலத்துலயா? அதுவும் அந்தக் கருவாட்டு வண்டியிலயா? ஸ்நானம் பண்ணிட்டு?"

"அவன் பன்னெண்டு மணிக்குப் பால் குடிக்கறவன்பா. ஒன்றரை வரைக்கும் பொறுத்துக்கோடான்னு அவனுக்கு யார் சொல்றது?"

வைத்தியநாதன் திரும்பவும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சேகர் அப்பாவையும் பார்த்தான், இவளையும் பார்த்தான். பிறகு தன் துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினான். "போ. நான் அப்பாவை அழைச்சிண்டு வரேன்" என்றான், மெதுவாக. அன்றைக்கு அவன் பேசியதிலேயே தைரியமான வார்த்தை அதுதான்.

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஓடினோம். கண்டக்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளே இருந்த பெண்கள் ஜயாவை இழுத்துக்கொண்டார்கள்.

உள்ளே மூச்சு விட இடமில்லை. கருவாட்டு வாடை. கூரைமேல் நிஜமாகவே ஆடு கத்திக்கொண்டிருந்தது. ஜயா ஒரு மூட்டைமேல் ஒண்டிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிராமத்துப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். துண்டையும் மீறி ரவிக்கை நனைந்திருந்தது.

"குழந்தை எங்கே?" என்றாள்.

"கல்கத்தாவில்."

"என்ன வயசு?"

"மூணு மாசம்."

அந்தப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். மூட்டை முடிச்சோடு நான்கைந்து பெண்கள் திரும்பி நின்று முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். "எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்கப்பா!" என்று ஒருத்தி அதட்டினாள். பஸ்ஸில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும், கண்டக்டர் உள்பட, ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். யாரோ ஒரு பித்தளைக் கிண்ணம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜயாவின் முகம் தெரிந்தபோது வலி குறைந்திருந்தது. பயம் குறையவில்லை.

பஸ் ஒவ்வொரு குளக்கரையிலும் நின்றது. ஒரு கிழவர் வெற்றிலைக் கட்டை ஏற்றினார். ஏற்றிவிட்டு ஏறாமல் வீட்டைப் பார்த்து ஏதோ கத்தினார். ஜயா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பாதி வழி தாண்டியிருக்கும். டமார் என்று ஒரு சத்தம். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின் டயர்.

எல்லாரும் இறங்கினோம். ஆட்டை இறக்கினார்கள். ஸ்டெப்னியை இறக்கினார்கள். ஜாக்கியை வைத்தால் செங்கல் உள்ளே அமுங்கியது. பலகை தேடி ஒருவர் ஓடினார். வெயில் உச்சந்தலையில் அடித்தது. பஸ்ஸில் வந்தவர்கள் யாரும் கத்தவில்லை. ஆனால் ஒவ்வொருவராக ரோட்டோரக் கால்வாயை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். நானும் பார்த்தேன். காலையில் நிறைந்திருந்த கால்வாயில் இப்போது சேற்றின் நடுவே கோடு மாதிரி தண்ணீர் தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் ஒரு படகு பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

"அண்ணா... அப்பா சொன்னதுதான் சரியோ? ராகுகாலத்துல கிளம்பினதாலதானோ?"

"இந்த டயரைப் பாத்தியாம்மா? போன வருஷமே வெடிச்சிருக்க வேண்டியது. இத்தனை நாள் அதுக்கு நல்ல காலம்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஒரு பெண்ணை ஜீப்பிலிருந்து இறக்கி, நடு ரோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே?

சைக்கிளில் ஒரு ஆள் வடக்கே போனார். கண்டக்டர் அவரை நிறுத்தி, "படித்துறையில சொல்லிடு. பஸ் வருது, டயர் போச்சு, ஆளு நிறைய இருக்கு" என்றார். சைக்கிள்காரர் தலையாட்டிவிட்டு மிதித்தார்.

ஒருவழியாக டயர் மாட்டியாயிற்று. கையும் காலும் கிரீஸுமாக ஏறி, கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து விடாமல் ஒரு ஹாரன். திரும்பிப் பார்த்தால்... நம் ஜீப்!

ராகுகாலம் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

ரோடு ஒரு வண்டிக்குத்தான். இரண்டு பக்கமும் பள்ளம். ஜீப்பால் முந்த முடியவில்லை. பஸ் டிரைவரும் ஒதுங்கவில்லை. எங்கள் புழுதி முழுவதையும் முன் ஸீட்டில் உட்கார்ந்து வைத்தியநாதன் வாங்கிக்கொண்டு வந்தார்.

"முந்த விட்டுடலாமே? அவங்களாவது போய் லாஞ்ச்சை நிறுத்துவாங்களே?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"ரெண்டு பேருக்காக யாரு அண்ணா லாஞ்ச்சை நிறுத்தப்போறாங்க?" என்றார்.

படித்துறை தெரிந்தது. ஆறு தெரியவில்லை! காலையில் நாங்கள் இறங்கிய மேல்படியிலிருந்து கண்ணுக்கெட்டும் வரை பளபளவென்று சேறு. அதற்கு அப்பால், ஒடுங்கிப்போன தண்ணீரில், லாஞ்ச் நின்றுகொண்டிருந்தது. புகை விட்டுக்கொண்டு, நங்கூரம் எடுத்து, கிளம்புகிற நிலையில். லாஞ்ச் ஓட்டுகிற ஸாரங் கூரைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்று இங்கே எழுத முடியாது.

சேற்றின் மேல் பலகைகள் போட்டிருந்தார்கள். ஜயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பலகை முடிந்த இடத்தில் முழங்கால் வரை இறங்கியது. பஸ்ஸில் இடம் கொடுத்த அந்தப் பெண் முன்னால் போய்க் கை கொடுத்தாள். ஆடு, வெற்றிலை, கருவாடு, நாங்கள்... எல்லாரும் ஏறினோம். கடைசியாகச் சேகர் தோளைப் பிடித்துக்கொண்டு வைத்தியநாதன் வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்றை முரிகங்கா வைத்துக்கொண்டது.

அதோடு முடியவில்லை. நடு ஆற்றில் லாஞ்ச்சின் அடி எதிலோ உரசியது. மெல்ல நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, நகரவில்லை. ஆடுகூடக் கத்தவில்லை. ஜயா கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். ஸாரங் பின்னுக்கு எடுத்தார். முன்னுக்கு விட்டார். திரும்பப் பின்னுக்கு... "எல்லாரும் இடது பக்கம் வாங்க!" என்றார். அத்தனை பேரும் இடது பக்கம் நகர்ந்தோம். லாஞ்ச் கொஞ்சம் சாய்ந்தது. கீழே ஏதோ நழுவியது. நகர்ந்தது.

எங்களுக்குப் பின்னால் வேறு லாஞ்ச் வரவில்லை.

வைத்தியநாதன் மூச்சு வாங்கி முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுதி போய் விபூதி தெரிந்தது. "பாத்தீரா ஓய்? ராகுகாலம் கழிச்சுக் கிளம்பினோம். லாஞ்ச் நமக்காக நின்னுது."

"பஸ்ஸுக்காக நின்னுது சார். அத்தனை பேர் டிக்கெட்டையும் விட்டுட்டு வெறும் லாஞ்ச்சா போவான்?"

"பஸ் ஏன் நேரமாச்சு?"

"டயர் வெடிச்சுது."

"எதுக்காக வெடிச்சுது? நாம வந்து சேரணும்னுதானே!"

மனிதர் பேங்கில் ஆபீசரானது சும்மா இல்லை. ஜயா எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் யோசித்தேன். காசு கொடுத்து அமர்த்துகிற வண்டி நம் பேச்சைக் கேட்கும். நம் ஊரில் அது வசதி. தெரியாத ஊரிலோ, நாம் நம்மோடு கொண்டுபோகிற தப்பையும் அது பத்திரமாக ஏற்றிக்கொண்டு, நமக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். பஸ்ஸுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. கத்தும், நெருக்கும், டயர் வெடிக்கும். ஆனால் அதில் ஏறினவனை ஊரே சேர்ந்து அக்கரை சேர்க்கும்.

இக்கரையில் அம்பாசடர் டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கிளம்பினோம். டாக்குரியா ரயில்வே கேட் மூடியிருந்தபோது ஜயா கதவைத் திறந்து இறங்கப் பார்த்தாள். "இரு, இதோ திறந்துடுவான்" என்று சேகர் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

தெருவில் கரண்ட் இல்லை. வைத்தியநாதன் காரிலிருந்து பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார். ஜயா சேற்றுக் காலோடு படியேறினாள். நான் பையோடு பின்னால் போனேன்.

குழந்தை அழுகிற சத்தம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பௌதி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அரிக்கேன் விளக்கு. கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு வாசனை. கட்டிலில் பௌதியின் மகள் ஒரு பக்கம், ஜயாவின் மகன் ஒரு பக்கம்... வாய் லேசாகத் திறந்து, வயிறு நிறைந்து, தூங்கிக்கொண்டிருந்தான். ஓரத்தில், காலையில் காய்ச்சி வைத்துவிட்டுப் போன பால் அப்படியே ஆடை கட்டி இருந்தது.

"பன்னெண்டு மணிக்குக் கத்த ஆரம்பிச்சான்" என்றாள் பௌதி வங்காளியில். "புட்டியைத் தட்டிவிட்டான். கிண்ணத்தைத் தட்டிவிட்டான். நான் என்ன பண்றது சொல்லு? ரெண்டு பேரையும் மாரோட ரெண்டு பக்கம் போட்டுக்கிட்டேன். உன் பையன் பெரிய பேட்டுக். என் பொண்ணுக்கு மிச்சம் வைக்கலை." பேட்டுக் என்றால் சாப்பாட்டுராமன்.

ஜயா அவள் தோளில் தலையைச் சாய்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. பௌதி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அரிக்கேன் திரியைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

படியில் செருப்புச் சத்தம். ஒற்றைச் செருப்பு. ஜயா சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

வைத்தியநாதன் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "அழுதானா?"

"இல்லப்பா. தூங்கறான்."

"நான் சொல்லலே? நல்ல நேரம் பாத்துக் கிளம்பினா எல்லாம் நல்லபடியா நடக்கும். அடுத்த வருஷமும் அந்த ஜீப்தான் ஓய். ராசியான ஜீப்!"

ஜயா பிள்ளையைப் பார்த்தாள், பௌதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஜீப்பே இருக்கட்டும் அண்ணா. அந்த பஸ் கண்டக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்கோ... எங்களுக்கு முன்னாடியே போகச் சொல்லி."